மழை லீவு விட்டாச்சு: பிள்ளைகளோடு வீட்டில் ஒரு நாளை ஓட்ட ஒரு வழிகாட்டி

அக்டோபர் பிறந்துவிட்டால் சென்னையில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு ஒரு பழக்கம் தொற்றிக்கொள்ளும். ராத்திரி படுக்குமுன் ஒரு தடவை, காலையில் கண் விழித்ததும் ஒரு தடவை, லீவு விட்டுவிட்டார்களா என்று போனைப் பார்ப்பது. லீவு என்று தெரிந்ததும் பிள்ளைகள் போடும் கூச்சலில் தெருவே எழுந்துவிடும். அப்பா அம்மாவுக்கு மட்டும் வயிற்றில் புளி கரைக்கும். ஆபீசுக்கு லீவு இல்லை, கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது, வெளியே இறங்கவும் முடியாது, டிவியும் போனும் மதியம் வரைகூடத் தாங்காது.

வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்தவர்களுக்கும், இந்த வருடம்தான் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள், ஒன்றாம் வகுப்பு மகன், அப்புறம் மாமியார். வேலை செய்யும் லேப்டாப் இரண்டு. பல மழைக்காலம் தட்டுத்தடுமாறிய பிறகு ஒரு வரிசை பிடிபட்டது, அதைத்தான் கீழே தருகிறேன். உங்கள் வீட்டு ஆட்களுக்கும் வயதுக்கும் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

1. பெட்டியை செப்டம்பரிலேயே கட்டி வையுங்கள்

எல்லாவற்றுக்கும் முதல் வேலை இது. மழை கொட்டும் நாளில் தெருமுனை ஸ்டேஷனரி கடை திறந்திருக்காது. பத்து நிமிடத்தில் கொண்டுவருகிறோம் என்பவர்களும் அன்றைக்கு ‘தற்போது சேவை இல்லை’ என்று கைவிரிப்பார்கள். ஆகவே வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பே ஒரு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா வாங்கி, அதற்குள் கீழே உள்ளவற்றைப் போட்டு, பரண்மேல் ஏற்றிவிடுங்கள். மற்ற நாட்களில் திறக்கக் கூடாது. திறந்தால் மழை நாளில் அதற்கு ஒரு கவர்ச்சியும் இருக்காது.

என் பெட்டியில் இருப்பவை: சார்ட் பேப்பர் ஐந்தாறு, கலர் பேப்பர் ஒரு கட்டு, ஸ்கெட்ச் பேனா ஒரு செட், பசை, முனை மழுங்கிய கத்தரிக்கோல், செலோடேப், சாக்பீஸ் ஒரு டப்பா, சீட்டுக்கட்டு ஒன்று, தாயக்கட்டை ஒரு ஜோடி, கிராஃப் ஷீட் நாலு, டார்ச்சுக்குப் புது பேட்டரி, ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவர் பத்து. தாயக்கட்டை தவிர மற்றதெல்லாம் சேர்த்து ஐந்நூறு ரூபாய்க்குள் அடங்கும். பித்தளைத் தாயக்கட்டை நூறிலிருந்து இருநூறு வரை சொல்வார்கள், கடைக்குக் கடை மாறும். அது இல்லாமலும் ஆடலாம், எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

செலவில்லாமல் சேர வேண்டியது புளியங்கொட்டை. கொட்டை எடுக்காத புளி வாங்கி, அந்தக் கொட்டைகளைக் கழுவிக் காயவைத்து ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். நூறு கொட்டை இருந்தால் மூன்று விளையாட்டுக்கு ஆகும். வீட்டில் மூன்று வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் மட்டும் இதைத் தொடாதீர்கள், மூக்கிலும் வாயிலும் போட்டுக்கொள்ளும்.

கேரம் போர்டு வாங்கலாமா என்று கேட்பார்கள். ஓரளவு நல்ல போர்டு ஆயிரத்துக்கு மேல் போகும், மழையில் ஈரக்காற்று பட்டு காய் நகராது, பவுடர் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இருந்தால் ஆடுங்கள். மழை நாளுக்காகவே வாங்க வேண்டாம் என்பது என் கருத்து.

2. விடுமுறை உண்மைதானா என்று பாருங்கள்

மழை விடுமுறையை அறிவிப்பவர் மாவட்ட ஆட்சியர். முந்தின நாள் இரவே வந்துவிட்டால் உங்கள் அதிர்ஷ்டம். பல நாள் காலை ஆறு மணிக்கு மேல்தான் வரும், அதற்குள் சாதம் வடித்து டிபன் பாக்ஸ் கட்டியிருப்பீர்கள். இதில் சிக்கிக்கொள்ளும் இடங்கள் சில உண்டு.

முதலாவது, வாட்ஸ்அப்பில் சுற்றும் பழைய செய்தி. போன வருடத்து டிவி ஸ்க்ரீன்ஷாட் அப்படியே வரும், ஆட்சியர் பெயரைப் பார்த்தாலே தெரிந்துவிடும், ஆனால் காலை ஆறரைக்கு யார் பார்க்கிறார்கள்? தேதி இல்லாத எதையும் நம்பாதீர்கள். ஆட்சியரின் எக்ஸ் தளப் பக்கத்தையோ பள்ளியிலிருந்து வரும் குறுஞ்செய்தியையோ பாருங்கள்.

இரண்டாவது, மாவட்டக் குழப்பம். புதிதாக வருகிறவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். பேச்சுவழக்கில் எல்லாமே சென்னை. ஆனால் தாம்பரமும் பல்லாவரமும் செங்கல்பட்டு மாவட்டம், ஆவடியும் பூவிருந்தவல்லியும் திருவள்ளூர் மாவட்டம், குன்றத்தூரும் மாங்காடும் காஞ்சிபுரம் மாவட்டம். நாலு மாவட்டத்துக்கும் நாலு ஆட்சியர், நாலு அறிவிப்பு. வீடு எந்த மாவட்டம் என்பது கணக்கில்லை, பள்ளி எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். குரோம்பேட்டையில் குடியிருந்து கிண்டியில் பிள்ளை படித்தால் சென்னை அறிவிப்புதான் உங்களுக்கு. அண்ணன் தம்பி இரண்டு பேரும் வேறு வேறு மாவட்டப் பள்ளியில் படித்தால் ஒருவனுக்கு லீவு, இன்னொருவனுக்குப் பள்ளி. வீட்டில் அன்று நடக்கும் போரை நீங்களே சமாளித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ‘பள்ளிகளுக்கு மட்டும்’ என்றால் கல்லூரிக்குக் கிடையாது. சில தனியார் பள்ளிகள் லீவு விட்ட கையோடு ஆன்லைன் வகுப்பு லிங்க் அனுப்பும். பள்ளியின் செயலியை ஒன்பது மணிக்குள் ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு அப்புறம் நாளைத் திட்டமிடுங்கள்.

3. முதல் ஒரு மணி நேரம்: கரண்ட் இருக்கும்போதே

விளையாட்டு அப்புறம். மோட்டார் போட்டு மேல்நிலைத் தொட்டியை நிரப்புங்கள். எல்லா போனையும் பவர் பேங்கையும் சார்ஜில் போடுங்கள். மிக்ஸி வேலை இருந்தால் இப்போதே முடியுங்கள், சட்னி உட்பட. மொட்டை மாடியில் தண்ணீர் வடியும் குழாய் வாயை இலைகள் அடைத்திருக்கிறதா என்று பெரியவர் யாராவது ஒருவர் போய்ப் பார்த்துவிட வேண்டும். மின்தடைப் புகாருக்கு மின்னகம் 94987 94987, தெருவில் தண்ணீர் தேங்கினால் மாநகராட்சி 1913. இந்த இரண்டையும் மகளை விட்டு ஒரு சார்ட்டில் பெரிதாக எழுதவைத்து ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறோம். அதுவே அவளுக்கு ஒரு வேலை.

அடுத்து, உங்கள் ஆபீஸ் மீட்டிங் நேரங்களை ஒரு தாளில் எழுதுங்கள். இதைச் செய்யாமல் மேலே போகாதீர்கள். மீட்டிங் இருக்கும் நேரத்துக்கு அமைதியான வேலை, இல்லாத நேரத்துக்குக் கத்தும் விளையாட்டு, இந்த ஒரே விதிதான். மணிக்கு மணி டைம்டேபிள் போட்டால் பத்தரை மணிக்கே கிழிந்துவிடும். காலையில் ஒன்று, மதியத்துக்கு முன் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று மூன்று பெரிய வேலை போதும். நடுவில் பிள்ளைகள் சும்மா இருந்தால் இருக்கட்டும், ‘போர் அடிக்குது’ என்று சொல்லிவிட்டு அரை மணி நேரத்தில் அவர்களாகவே ஏதாவது கண்டுபிடிப்பார்கள்.

வீட்டு வேலைக்கு வரும் அக்காவும் அன்று வர முடியாது, அவர் பிள்ளைகளுக்கும் அதே லீவுதான். அதற்கு நீங்களே முன்கூட்டி போன் செய்து வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சம்பளத்தில் கை வைக்காதீர்கள்.

4. மழைமானி: காலை வேலை

எங்கள் வீட்டில் ஓடியதிலேயே அதிக நாள் ஓடியது இதுதான். காசே கிடையாது, கணக்கும் வரும், பேப்பர் செய்தியும் புரியும்.

பக்கவாட்டில் நேராக இருக்கும் இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில் ஒன்று எடுங்கள். இடுப்பு ஒடுங்கிய பாட்டில் வேண்டாம், அளவு தப்பும். கழுத்துக்குக் கீழே, பாட்டில் நேராகத் தொடங்கும் இடத்தில், சுற்றி வெட்டுங்கள் (இதைப் பெரியவர்கள் செய்யுங்கள், விளிம்பில் டேப் ஒட்டுங்கள்). வெட்டிய மேல்பகுதியை மூடியில்லாமல் தலைகீழாகக் கவிழ்த்து உள்ளே பொருத்தினால் புனல் தயார். அடிப்பாகம் மேடு பள்ளமாக இருக்கும், அதனால் கொஞ்சம் கூழாங்கல் போட்டு, அது மூழ்கும் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் ஸ்கெட்ச் பேனாவால் பூஜ்யக் கோடு போடுங்கள். அதற்கு மேல் ஸ்கேல் வைத்து மில்லிமீட்டர் குறியுங்கள். மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவரிலிருந்து தள்ளி, நாலு செங்கல்லுக்கு நடுவில் வைத்துவிடுங்கள். சுவரை ஒட்டி வைத்தால் காற்றடிக்கும் பக்கத்தைப் பொறுத்து மழை குறைவாக விழும். இடி மின்னல் இருந்தால் மாடிக்கே போக வேண்டாம்.

வானிலை ஆய்வு மையம் ஒரு நாள் மழையைக் காலை 8.30 மணியோடு கணக்கு முடிக்கும். நீங்களும் அதே நேரத்தில் அளந்து, தண்ணீரைக் கொட்டி, மீண்டும் பூஜ்யக் கோடு வரை நிரப்பி வையுங்கள். நுங்கம்பாக்கத்தில் இவ்வளவு, மீனம்பாக்கத்தில் இவ்வளவு என்று செய்தியில் வரும்போது பிள்ளைகள் தங்கள் பாட்டிலோடு ஒப்பிடுவார்கள். ஒத்துப்போகாது. சென்னை மழை ஒரு பேட்டையில் கொட்டும், அடுத்த பேட்டையில் தூறும். ஏன் ஒத்துப்போகவில்லை என்று அவர்கள் கேட்கத் தொடங்கினால் காலை வேளை ஓடிவிடும்.

செய்தியில் சொல்லும் கனமழை, மிகக் கனமழை எல்லாவற்றுக்கும் அளவு இருக்கிறது. ஒரு நாளில் 64.5 மி.மீ. முதல் 115.5 வரை கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. இந்தக் கோடுகளையும் பாட்டிலிலேயே மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு டேப்பால் போட்டுக்கொள்ளலாம். அதி கனமழைக்கு 20 செ.மீ. உயரம் வேண்டும், புனலையும் சேர்த்துப் பார்த்தால் உங்கள் பாட்டில் அதற்கு எட்டாமல் போகலாம். அப்படிப்பட்ட நாளில் மழைமானியைப் பார்க்க யாரும் மாடிக்குப் போகப்போவதில்லை, கவலை வேண்டாம்.

பெரிய பிள்ளைக்கு ஒரு கணக்கு: ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். ஆயிரம் சதுர அடி மாடி கிட்டத்தட்ட 93 சதுர மீட்டர். அங்கே 10 செ.மீ. பெய்தால் 9,300 லிட்டர். கோடையில் காசு கொடுத்து வாங்கும் ஒரு 9,000 லிட்டர் லாரித் தண்ணீர் ஒரே நாளில் மாடியில் விழுந்து சாக்கடைக்குப் போகிறது. என் மகள் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு, நம் அபார்ட்மென்ட் மழைநீர்த் தொட்டி வேலை செய்கிறதா என்று சங்கச் செயலாளரையே கேட்டுவிட்டாள். பதில் இன்னும் வரவில்லை.

புயல் இருக்கும் நாளாக இருந்தால் கிராஃப் ஷீட்டை எடுங்கள். சென்னை சுமார் 13.1 டிகிரி வடக்கு, 80.3 டிகிரி கிழக்கு. வானிலை மைய அறிக்கையில் புயல் இருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டும் போட்டிருக்கும், சில மணி நேரத்துக்கு ஒரு முறை புதிது வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி வைத்து இணைத்தால் புயலின் பாதை கிடைக்கும். அது நேராகப் போகாது, சில சமயம் நகராமலே நிற்கும். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் அதற்குப் பிறகும் அங்கேயே நின்று கொட்டியது. டிவி சேனல்களின் அலறலைவிட இந்தத் தாளைப் பார்த்தால் பிள்ளைகளுக்குப் பயம் குறையும். நமக்கும்தான்.

5. தரையில் ஆடும் ஆட்டங்கள்: கத்த அனுமதி உள்ள நேரம்

பல்லாங்குழிக்குக் கட்டை வேண்டாம். பன்னிரண்டு முட்டை வைக்கும் அட்டைப்பெட்டி இரண்டு வரிசையில் ஆறாறு குழியோடு இருக்கும். பக்கத்துக்கு ஒரு கிண்ணம் சேர்த்துவிட்டால் ஏழும் ஏழும் பதினாலு. குழிக்கு ஐந்து புளியங்கொட்டை, ஆக எழுபது. உங்கள் பக்கத்தில் ஒரு குழியை அள்ளி, அடுத்தடுத்த குழியில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போங்கள். கையில் தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடருங்கள். அடுத்த குழி காலியாக இருந்தால் அதைத் தடவிவிட்டு, அதற்கும் அடுத்ததில் இருப்பதை எடுத்துக்கொண்டு ஆட்டத்தை விடுங்கள். நடுவில் ஏதாவது குழியில் நாலு சேர்ந்தால் அது பசு, அந்தப் பக்கத்துக்காரருக்குச் சொந்தம். ஊருக்கு ஊர் விதி மாறும், ஆரம்பிக்கும் முன்பே பேசிவிடுங்கள், இல்லையென்றால் பசுவுக்காக அடிதடி நடக்கும்.

என் மாமியார் இதில் யாரையும் ஜெயிக்க விடமாட்டார், பேரன் என்றாலும். எந்தக் குழியில் எடுத்தால் எங்கே போய் முடியும் என்று கொட்டைகளைத் தொடாமலே கண்ணால் எண்ணிவிடுவார், உதடு மட்டும் லேசாக அசையும். மகன் அதைப் பார்த்துப் பார்த்து, இப்போது அவனும் உதட்டை அசைக்கிறான். எண்ணுகிறானா நடிக்கிறானா தெரியவில்லை.

தாயத்துக்கு ஐந்துக்கு ஐந்து கட்டம் தரையில் சாக்பீஸால் போதும். ஒவ்வொரு பக்கத்தின் நடுக் கட்டத்திலும், மையத்திலும் பெருக்கல் குறி போடுங்கள், அங்கே இருக்கும் காயை வெட்ட முடியாது. தாயக்கட்டை இல்லையென்றால் ஆறு புளியங்கொட்டை எடுத்து, ஒரு பக்கத்தை மட்டும் சிமெண்ட் தரையிலோ படிக்கட்டிலோ வெள்ளை தெரியும் வரை தேயுங்கள். உருட்டும்போது எத்தனை வெள்ளை மேலே விழுகிறதோ அத்தனை. ஒன்று விழுந்தால் தாயம், ஆறும் கறுப்பாக விழுந்தால் பன்னிரண்டு. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம். தாயம் விழாமல் காய் உள்ளே இறங்காது. கொட்டை தேய்க்கும் வேலையைச் சின்னவனிடம் கொடுங்கள், அதிலேயே கொஞ்ச நேரம் போய்விடும். தேய்த்த கொட்டை சூடாக இருக்கும், அதை அக்கா கையில் வைத்துச் சுடுவதுதான் அவனுக்கு ஆட்டத்தைவிடப் பிடித்தது.

இரண்டே பேர் என்றால் ஆடு புலி ஆட்டம்: மூன்று புலி, பதினைந்து ஆடு. ஐந்து பேர் இருந்தால் ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன் சீட்டு. நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்தால் போதும். இதற்கெல்லாம் விளக்கம் உங்களுக்கே தேவைப்படாது.

ஒரு எச்சரிக்கை. பெரியவளும் சின்னவனும் எதிரெதிரே உட்கார்ந்தால் அழுகையில்தான் முடியும். ஒரு பெரியவர், ஒரு சின்னவர் என்று ஜோடி சேருங்கள்.

6. மீட்டிங் நேரம்

இங்கே சத்தம் வரக்கூடாது. புக் கிரிக்கெட் நன்றாக ஓடும்: புத்தகத்தைத் திறந்து இடப்பக்க எண்ணின் கடைசி இலக்கம் ரன், பூஜ்யம் வந்தால் அவுட். ஸ்கோர் எழுதத் தெரிந்த பிள்ளைக்கு ஒரு முழு டெஸ்ட் மேட்ச் ஓடும்.

வாசிக்கப் பழகிய பிள்ளைக்கு, பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைப் புத்தகங்கள் இலவசம், நிலை ஒன்று முதல் நாலு வரை பிரித்து வைத்திருக்கிறார்கள். கரண்ட் போனால் வைஃபையும் போகும் என்பதால் முந்தின நாளே பத்துப் பதினைந்தை இறக்கி வைத்துவிடுங்கள்.

கத்திக்கப்பல் செய்யத் தெரிந்தவர் வீட்டில் யாராவது இருந்தால் மடிக்கக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். பாத்ரூம் வாளியில் மிதக்கவிட்டு, எத்தனை ஒரு ரூபாய் நாணயம் தாங்குகிறது என்று பார்க்கட்டும். நியூஸ் பேப்பர் கப்பல், சார்ட் பேப்பர் கப்பல், சாக்லேட் உறைக் கப்பல் என்று போட்டி வைக்கலாம். தெருத் தண்ணீரில் விடக் கேட்பார்கள், விடாதீர்கள். தேங்கிய தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கும், எலிக்காய்ச்சல் வரும், எந்த மின்பெட்டியில் கசிவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மழை நின்ற பிறகும் இதே பேச்சுதான்.

7. சமையலறை

மழை என்றாலே பஜ்ஜி. ஆனால் எண்ணெய்ச் சட்டிப் பக்கம் சின்னவர்களை விடமுடியாது, நாம் நின்று சுட, அவர்கள் பறிக்க, அது விளையாட்டில் சேராது. அவர்களே செய்யக்கூடியது அடுப்பில்லாத சமையல்: அவலை நனைத்து, வெல்லம் பொடித்து, தேங்காய் துருவிப் போட்டு, ஏலக்காய் தட்டிச் சேர்ப்பது. வெல்லம் தட்டும் வேலைக்கு எப்போதும் சண்டை வரும், முறை போட்டுக்கொடுங்கள். பத்து வயதுக்கு மேல் இருந்தால் தோசை வார்க்கச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல நாள் கிடைக்காது. பள்ளி நாள் காலையில் யாருக்குப் பொறுமை இருக்கிறது?

சாப்பிட முடியாத சமையலும் உண்டு. மைதா இரண்டு டம்ளர், பொடியுப்பு ஒரு டம்ளர், தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு டம்ளர் வரை, சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசைந்தால் பொம்மை செய்யும் மாவு தயார். பாதிக்கு மஞ்சள்தூள், பாதிக்கு பீட்ரூட் சாறு. செலவு ஐம்பது ரூபாய்கூட ஆகாது. மழைக்காலத்தில் இது காயவே காயாது, நாலாவது நாள் பூஞ்சை பிடிக்கும். போட்டோ எடுத்துவிட்டு மாவை டப்பாவில் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள் என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

8. மதியம்: வீட்டுப் பேப்பர்களை ஒழுங்கு செய்வது

இது எப்படி விளையாட்டு ஆகும் என்று கேட்காதீர்கள். பீரோவில் இருக்கும் ஃபைலைத் திறந்தாலே பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். தங்கள் பிறப்புச் சான்றிதழை எந்தப் பிள்ளையும் சரியாகப் பார்த்திருக்காது. அப்பாவின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைக் கண்டுபிடித்தால் அன்றைக்கு முழுக்க அதுதான் பேச்சு.

வெள்ளம் வந்தால் கையில் எடுத்துக்கொண்டு ஓட வேண்டியவை: பிறப்புச் சான்றிதழ்கள், ஆதார், குடும்ப அட்டை, சாதிச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்கள், பாஸ்போர்ட், காப்பீட்டுப் பத்திரம், வீட்டுப் பத்திரம் அல்லது வாடகை ஒப்பந்தம், வங்கிப் புத்தகம். ஆளுக்கு ஒரு ஜிப் கவர், பொதுவானதுக்கு ஒன்று. கவருக்குள் என்ன இருக்கிறது என்று பெரிய பிள்ளை தன் கையெழுத்தில் பட்டியல் எழுதி உள்ளே வைக்கட்டும். எல்லாக் கவரையும் ஒரே பையில் போட்டு, பீரோவின் அடித்தட்டிலிருந்து மேல்தட்டுக்கு மாற்றுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு தொலைந்த சான்றிதழ்களுக்கு அரசு சிறப்பு முகாம்களே நடத்த வேண்டி வந்தது, அத்தனை வீடுகளில் பேப்பர் ஊறிப்போயிருந்தது.

இந்த வேலையில் கிடைக்கும் உபரி லாபம், பெயர் எழுத்துப்பிழை. பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, பள்ளிப் பதிவில் இனிஷியல் வேறு மாதிரி இருக்கும். பிள்ளைகளை விட்டு வித்தியாசம் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், ஆறு வித்தியாசம் விளையாட்டுதான், பிழைக்கு ஒரு மிட்டாய். பத்தாம் வகுப்புக்குப் போகும் முன்பே சரிசெய்வது எளிது, அதற்குப் பிறகு அலைச்சல்.

செய்யக்கூடாதவை: அசலை லேமினேட் செய்யாதீர்கள், பிறகு அதன்மேல் முத்திரையோ சான்றொப்பமோ வாங்க வேண்டி வந்தால் தொல்லை. போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். டிஜிலாக்கரில் ஏற்றுங்கள், அதற்கு ஆதாரோடு இணைத்த போன் எண் கையில் இருக்க வேண்டும், ஓடிபி அதற்குத்தான் வரும்.

9. கரண்ட் போன சாயங்காலம்

மெழுகுவர்த்தியைச் சமையலறையோடு நிறுத்துங்கள், கூடத்துக்கு டார்ச். டார்ச்சைத் தரையில் வைத்துச் சுவரில் கை நிழல் காட்டினால் மான், நாய், பறவை எல்லாம் வரும். அட்டையை வெட்டிக் குச்சியில் ஒட்டினால் கூத்தே நடத்தலாம், காலையில் மிச்சமான சார்ட் பேப்பருக்கு இப்போது வேலை வரும்.

அப்புறம் விடுகதை. ‘அடிக்காமல் திட்டாமல் அழவைப்பான், அவன் யார்?’ என்று ஆரம்பித்துவிட்டால் பாட்டி தன் சரக்கை அவிழ்ப்பார். வெங்காயம் என்று சின்னவனுக்கும் தெரியும், இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் கத்திச் சொல்வான். ‘யார் தச்ச சட்டை, எங்க தாத்தா தச்ச சட்டை’யை வேகமாகச் சொல்லும் போட்டி, பாட்டுக்குப் பாட்டு, இவற்றுக்கு வெளிச்சமும் வேண்டாம், காசும் வேண்டாம். போனில் சார்ஜ் இருக்கட்டும், படம் போட்டுக் காலி செய்துவிடாதீர்கள், ராத்திரி யாருக்காவது அவசரம் என்றால் அதுதான் துணை.

10. இரண்டாம் நாளும் லீவு என்றால்

இரண்டாம் நாள் முதல் நாளைவிடக் கஷ்டம். பெட்டியில் இருப்பதை எல்லாம் முதல் நாளே கொட்டிவிடாதீர்கள், பாதியை ஒளித்து வையுங்கள். அதே அபார்ட்மென்ட்டில் பிள்ளைகள் உள்ள வீடுகள் இருந்தால் முறை வைத்துக்கொள்ளலாம்: காலை எங்கள் வீட்டில் ஐந்து பிள்ளைகள், மதியம் அவர்கள் வீட்டில் ஐந்து பிள்ளைகள். ஒரு வீட்டுக்காரருக்கு மூன்று மணி நேரம் நிம்மதியாக ஆபீஸ் வேலை நடக்கும். மதியச் சாப்பாடு அவரவர் வீட்டில் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் வராது.

மழை நின்றதும் மாடியில் இருக்கும் பாட்டில், வாளி, தேங்காய்ச் சிரட்டை எல்லாவற்றிலும் தேங்கிய தண்ணீரைக் கவிழ்த்துவிடுங்கள், கொசு முட்டையிடும். மழைமானியையும் சேர்த்துத்தான்.

கடைசியாக ஒன்று. இந்த லீவு பல தடவை கடனாகத்தான் வரும், ஈடுகட்ட ஏதாவது ஒரு சனிக்கிழமை பள்ளி வைப்பார்கள். அறிவிப்பிலேயே சில சமயம் சொல்லிவிடுவார்கள், சில சமயம் வாரங்கள் கழித்துச் சுற்றறிக்கை வரும். லீவு விட்ட தேதிகளைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். டிசம்பர், ஜனவரி சனிக்கிழமைகளில் கல்யாணத்துக்கோ ஊருக்கோ டிக்கெட் எடுக்கும் முன் வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அரையாண்டுத் தேர்வுத் தேதி தள்ளிப்போயிருக்கிறதா என்பதையும் சேர்த்து.